பழுதான பொருளும் நுகர்வோரின் உரிமையும்

கேள்வி: புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இரண்டாம் வாரமே பழுதாகிவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரிக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஒற்றை வரியைக் கண்டு நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகும். ஆகவே, இன்றே எழுத்து மூலம் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் புகார் அனுப்புங்கள். பழுதுபார்ப்பவர் தரும் சீட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் கையொப்பமிடாதீர்கள். என்ன பழுது, எந்தத் தேதி என்பதையும் எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் பல வழக்குகளில் அந்தச் சிறு சீட்டே வலுவான சான்றாக நிற்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம்; பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பழுதை ஆய்வகச் சோதனையால்தான் உறுதிசெய்ய முடியும் என்றால், ஆணையமே பொருளை அதற்கு அனுப்பிவைக்கும்.