பைத்தானில் எழுதும்போது கரண்ட் போனால் பழைய கோப்பும் ஏன் அழிகிறது?

கரண்ட் போய் வந்ததும் செட்டிங்ஸ் கோப்பு 0 பைட்டாகக் கிடக்கிறது, பழைய தகவலாவது ஏன் மிஞ்சவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், கோப்பைத் திறக்கும் ஓப்பனுக்கு நீங்கள் கொடுத்த 'டபிள்யூ', அதாவது எழுதும் முறை. திறந்த நொடியிலேயே அது பழையதைத் துடைத்துவிடும். நீங்கள் ஓர் எழுத்துகூட எழுதியிருக்க வேண்டாம்.

அதனால் அசல் கோப்பைத் தொடாதீர்கள். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுவதையும் எழுதுங்கள். அப்புறம் ஃப்ளஷ், அதன் பின் ஓஎஸ்.எஃப்சிங்க். இரண்டும் ஒன்றல்ல. ஃப்ளஷ் தகவலைப் பைத்தானிடமிருந்து இயங்குதளத்தின் நினைவகத்துக்குத்தான் தள்ளுகிறது. டிஸ்க்குக்கு அனுப்புவது எஃப்சிங்க். லினக்ஸில் கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 புதிதாகப் பரவிய 2009-இல், எஃப்சிங்கை விட்டுவிட்ட நிரல்களின் கோப்புகள்தான் கிராஷுக்குப் பிறகு காலியாகக் கிடந்தன.

கடைசியில் ஓஎஸ்.ரீப்ளேஸ் மூலம் தற்காலிகக் கோப்புக்கு அசல் கோப்பின் பெயரைக் கொடுத்து, பழையதன் இடத்தில் வையுங்கள். இது பைத்தான் 3.3 முதல் இருக்கிறது. லினக்ஸில் இந்தப் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். படிப்பவருக்குப் பழைய கோப்பு கிடைக்கும், இல்லையென்றால் புதியது. பாதிக் கோப்பு கிடைக்கவே கிடைக்காது. தற்காலிகக் கோப்பை 'டெம்ப்' ஃபோல்டரில் வைக்காதீர்கள். அது வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ரீப்ளேஸ் பிழை தரும். பெயர் மாற்றமும் டிஸ்க்கில் உறுதியாக ஏற வேண்டுமென்றால், லினக்ஸில் அந்த ஃபோல்டரையும் திறந்து எஃப்சிங்க் செய்துவிடுங்கள்.