பென்டிரைவ் செருகினேன், ஃபோல்டர் காலி!

கேள்வி: எங்கள் கல்யாண மண்டப வாசல் டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர் பலகை) வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு. பென்டிரைவ் செருகியதும் மணமக்கள் போட்டோ தானாக ஓட வேண்டும். யூடெவ் (சாதனம் செருகுவதைக் கவனிக்கும் லினக்ஸ் நிரல்) ரூலில் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறேன். கையால் ஓட்டினால் மவுண்ட் ஆகிறது, அதாவது பென்டிரைவின் ஃபைல்கள் ஃபோல்டரில் தெரிகின்றன. ரூல் வழியாக ஓடினால், லாகில் எல்லாம் சரி என்று வருகிறது, ஃபோல்டர் மட்டும் காலி. பென்டிரைவ் போலியோ?
– வாசகர், பெருந்துறை

பதில்: பென்டிரைவ் மேல் பழி போடாதீர்கள், பாவம். லாகும் பொய் சொல்லவில்லை. மவுண்ட் ஆகியிருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) உள்ள லினக்ஸில் யூடெவ் தனக்கென ஒரு மவுண்ட் நேம்ஸ்பேஸில், அதாவது உள்ளே செய்த மவுண்ட் வெளியே தெரியாத தனி அறையில், ஓடுகிறது. ரூலிலிருந்து கிளம்பும் ஸ்கிரிப்ட் எதை மவுண்ட் செய்தாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். ரூட்டாக இருந்து, நேம்ஸ்பேஸ்களைப் பட்டியலிடும் எல்எஸ்என்எஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள், யூடெவ் தனி வரியில் தெரியும்.

யூடெவ் சர்வீஸில் இந்தத் தனி அறையை உருவாக்கும் பிரைவேட்மவுண்ட்ஸ் என்பதை ‘நோ’ ஆக்கிவிடு என்று சிலர் சொல்வார்கள். மவுண்ட் வெளியே தெரியும்தான், ஆனால் எனக்கு அது பிடிக்காது. ரூலிலிருந்து கிளம்பிய ஸ்கிரிப்ட் நீண்ட நேரம் ஓடினால் யூடெவ் அதைக் கொன்றுவிடும். ஸ்லைடுஷோவையும் அதிலேயே தொடங்கியிருந்தால் முகூர்த்த நேரத்தில் டிவி இருண்டுவிடும். யூடெவ் ஒரு வாட்ச்மேன். யார் வந்தது என்று உள்ளே சொன்னால் போதும், பந்தி பரிமாற வேண்டாம்.

ஆகவே ரூலில் சிஸ்டம்டி-மவுண்ட் கட்டளையை முழுப் பாதையோடு கூப்பிடுங்கள். நோ-பிளாக் (முடியும்வரை காத்திராதே), கலெக்ட் (தோற்றாலும் மிச்சத்தைத் துடைத்துவிடு) இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுண்ட் செய்யும் வேலை சிஸ்டம்டியிடம் போவதால் எல்லோருக்கும் தெரியும். யாராவது பென்டிரைவைப் பிடுங்கினாலும் அதுவே அன்மவுண்ட் செய்துவிடும். போட்டோ காட்ட மட்டும்தானே? ‘ஆர்ஓ’ (படிக்க மட்டும்) ஆப்ஷனும் போடுங்கள். எழுதவே செய்யாத பென்டிரைவைப் பாதியில் பிடுங்கினாலும் ஃபைல் கெடாது.

ரூலின் நிபந்தனையில் எஸ்டிஏ1 (முதல் டிஸ்கின் முதல் பார்ட்டிஷன், அதாவது பகுதி) என்று பெயரை எழுதாதீர்கள். பார்ட்டிஷனே இல்லாத பென்டிரைவும் வரும். யூடெவ் தரும் ஐடி_எஃப்எஸ்_யூசேஜ் மாறி ‘ஃபைல்சிஸ்டம்’ என்று இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டும் சிக்கும். கூடவே யூஎஸ்பி என்ற நிபந்தனையும் வேண்டும், இல்லாவிட்டால் மெமரி கார்டையும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: என் பலகையில் சிஸ்டம்டி இல்லை, பிஸிபாக்ஸ் என்ற சின்ன லினக்ஸ் கட்டளைத் தொகுப்புதான். இதே தலைவலி வருமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வராது. பிஸிபாக்ஸில் யூடெவின் வேலையைச் செய்யும் எம்டெவ் தனி நேம்ஸ்பேஸில் ஓடுவதில்லை. எம்டெவ்.கான்ஃப் ஃபைலில் ஸ்கிரிப்டுக்கு முன் நட்சத்திரக் குறி போட்டால் செருகும்போதும் ஓடும், பிடுங்கும்போதும் ஓடும். எது என்பதை ஆக்‌ஷன் மாறியில் பாருங்கள். பவர் போடுவதற்கு முன்பே செருகியிருந்தால்? பூட் ஸ்கிரிப்டில் ‘எம்டெவ் -எஸ்’ கொடுங்கள்.