ஏர்போர்ட் இலவச வைஃபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் நெருங்கினால் விமான நிலைய வைஃபை பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னை விமான நிலையத்தில் வைஃபையைப் போட்டால் மொபைல் நம்பர் கேட்கிறது, ஓடிபி அனுப்புகிறது. சும்மா தரும் இணையத்துக்கு எதற்கு என் நம்பர்? விளம்பரம் அனுப்பத்தானே? – தாம்பரம் வாசகர்

விளம்பரமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்பர் கேட்பதற்குப் பின்னால் அரசு உத்தரவு இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவர் வீட்டு வாசலில் போய் நின்றது. பூட்டாமல் விட்டிருந்த அவருடைய வைஃபை வழியாகத்தான் மின்னஞ்சல் போயிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பிலும் இதே தந்திரம்.

அதன் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. பொது இடத்தில் வைஃபை தருபவர், பயன்படுத்துவது யார் என்று தெரிந்துகொண்டுதான் தர வேண்டும். ஒன்று, புகைப்பட அடையாள அட்டையின் நகலை வாங்க வேண்டும். இல்லையென்றால் மொபைலுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி உள்ளே விட வேண்டும். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நகல் எடுப்பது யாருக்கும் நடக்கிற காரியமில்லை, அதனால் எல்லோரும் ஓடிபிக்கு வந்துவிட்டார்கள்.

ஆக, நம்பர் கேட்பது நியாயம். ஆதார் எண், பான், கார்டு விவரம் என்று ஏதாவது கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அப்புறம், ஓடிபி பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் டிக் போடும் கட்டங்கள் இருக்கும். ஒன்று விதிமுறைகளை ஏற்கிறேன் என்பது. அதைப் போடாமல் உள்ளே போக முடியாது. இன்னொன்று "எங்கள் கூட்டாளிகளின் சலுகைகளைப் பெறச் சம்மதிக்கிறேன்" என்கிற வகை. பல இடங்களில் இதில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். எடுத்துவிட்டாலும் வைஃபை வரும்.

கேள்வி: போன மாதம் டெல்லியில் ஒரு வெளிநாட்டுப் பயணி, தன்னிடம் இந்திய நம்பர் இல்லை என்று என் நம்பரில் ஓடிபி வாங்கித் தரச் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். தப்பா? – திருச்சி வாசகர்

அவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் அந்த வைஃபையில் செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். மேலே சொன்ன நவி மும்பைக்காரரின் கதையை நினைத்துப் பாருங்கள். விசாரணை என்று வந்தால், பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குக் கொடுத்தேன் என்று நிரூபிக்கவே நாக்குத் தள்ளிவிடும். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தாலும் நிலைமை அதேதான், அதுவும் உங்கள் சிம்.

உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. டெல்லி, பெங்களூரு போன்ற பெரிய விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வைஃபை கூப்பன் கிடைக்கும். அதற்கான கியோஸ்க்கையோ (தானியங்கிக் கருவி) தகவல் கவுன்ட்டரையோ காட்டிவிடுங்கள். டாக்சிக்காரருக்கோ வீட்டுக்கோ ஒரு தகவல் சொல்வதுதான் அவசரம் என்றால், உங்கள் போனிலிருந்து நீங்களே அழைத்துப் பேசக் கொடுங்கள். கனடாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் நம் உறவினர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

கேள்வி: ஏர்போர்ட் வைஃபையில் ஜிபே, பேங்க் ஆப் திறக்கவே கூடாது என்கிறார்களே? – பலர்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது சரியான அறிவுரை. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஒரு நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சேர்த்துவிட்டு, திறந்த வைஃபை உள்ள காபிக்கடையில் உட்கார்ந்தால் போதும். அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் பெயரும் படமுமாகத் திரையோரத்தில் வரிசையாக வரும். ஒன்றை அழுத்தினால் அவர் கணக்குக்குள் நீங்கள். தொழில்நுட்பம் தெரியாதவர்கூடச் செய்ய முடிந்தது. தளங்கள் நுழைவுப் பக்கத்தை மட்டும் மறையாக்கம் (வேறு யாரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) செய்துவிட்டு மற்றதைத் திறந்தே விட்டிருந்ததுதான் காரணம்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழு மறையாக்கத்துக்கு மாறின. 2015-இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, மறையாக்கத்துக்குத் தளங்களுக்கு வேண்டிய சான்றிதழை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையிலிருந்து, மறையாக்கம் இல்லாத தளங்களைக் குரோம் "பாதுகாப்பற்றது" என்று குறிக்கிறது. இன்று வங்கிச் செயலியும் யுபிஐயும் தங்கள் போக்குவரத்தை முழுதாக மறைத்தே அனுப்புகின்றன. வைஃபை நடத்துபவரின் நிலை கொரியர்காரர் நிலைதான்: எந்த முகவரிக்குப் போகிறது என்று தெரியும், பார்சலுக்குள் என்ன என்று தெரியாது. நீங்கள் எந்த வங்கித் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியலாம். இருப்பும் பின் நம்பரும் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். உலாவியில் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று எச்சரிக்கைத் திரை வந்தால், "பரவாயில்லை, தொடர்க" என்பதை அழுத்தாதீர்கள். நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி. வீட்டில் அது வந்தால் போனில் தேதி தப்பாக இருக்கலாம். ஏர்போர்ட்டில் வந்தால் வைஃபையைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

உண்மையில் பணம் போவது வேறு வழியில். 2024-இல் பெங்களூரு விமான நிலையத்தில் லவுஞ்சுக்குள் போக என்று சொல்லி ஒரு போலிச் செயலியைப் பயணிகள் போனில் ஏற்றவைத்து, எஸ்எம்எஸ்களைத் திருடிப் பணம் எடுத்தார்கள். அங்கே வைஃபைக்கு வேலையே இல்லை. வைஃபை நுழைவுப் பக்கமே "இந்த ஆப்பை இறக்கினால்தான் இணையம்" என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) கொடுத்தாலும் அதே ஆபத்துதான். அப்படி ஏற்றிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஒரே மாதிரி பெயரில் இரண்டு மூன்று வைஃபை தெரிகிறது. எது அசல்? – மதுரை வாசகர்

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. 2024 ஏப்ரலில் உள்நாட்டு விமானம் ஒன்றில் ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய வைஃபை பெயரைப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையைச் சோதித்தால், உள்ளே கையடக்க வைஃபை கருவி. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் அசல் பெயரிலேயே போலி வைஃபை நடத்தியிருக்கிறார். பின்னர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை.

அவர் மறையாக்கம் எதையும் உடைக்கவில்லை. வைஃபைக்குள் நுழைய மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று போலிப் பக்கம் கேட்டது, மக்கள் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வைஃபைக்காக ஜிமெயில், ஃபேஸ்புக் பாஸ்வேர்டை எங்கேயும் தட்டச்சு செய்யாதீர்கள். சரியான பெயர் பெரும்பாலும் புறப்பாட்டு வாயில் அருகே அறிவிப்புப் பலகையில் இருக்கும். இல்லையென்றால் கவுன்ட்டரில் கேளுங்கள். வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை "மறந்துவிடு" கொடுத்து நீக்குங்கள். நீக்காவிட்டால், அதே பெயரில் எங்கே எதைக் கண்டாலும் உங்கள் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வைஃபை இணைந்துவிடுகிறது, ஆனால் நம்பர் கேட்கும் பக்கமே வருவதில்லை. – சேலம் வாசகி

விபிஎன் (உங்கள் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பி, இணைய முகவரியையும் மாற்றிக் காட்டும் வசதி) போட்டிருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் "தனிப்பட்ட டிஎன்எஸ்" (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்று எதையாவது அமைத்திருந்தால் தற்காலிகமாகத் தானியங்கிக்கு மாற்றுங்கள். பிறகு உலாவியில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று அடியுங்கள். அது வேண்டுமென்றே மறையாக்கம் இல்லாமல் வைத்திருக்கும் தளம். அதைத் திறக்கும்போது நுழைவுப் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். உள்ளே போனதும் விபிஎன்னை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: துபாய் ஏர்போர்ட்டில் வைஃபை நன்றாக வருகிறது, வாட்ஸ்அப் கால் மட்டும் போகவில்லை. விபிஎன் போட்டால் போகுமாமே? – சிவகங்கை வாசகர்

போகலாம். ஆனால் போடாதீர்கள். வாட்ஸ்அப் அழைப்பு முடக்கம் ஏர்போர்ட்டின் ஏற்பாடு கிடையாது, அந்த நாட்டின் தொலைத்தொடர்பு விதி. அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது. நிறுவனங்கள் தினமும் பயன்படுத்துகின்றன. ஒரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றினால்தான் சிக்கல். 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி அதற்குச் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். முடக்கிய அழைப்பை விபிஎன் வழியாகப் போடுவது அதில் அடங்குமா என்று வாதாடிப் பார்க்க டிரான்சிட் பயணி சரியான ஆள் இல்லை. வாட்ஸ்அப் எழுத்தும் குரல் செய்தியும் அங்கே வேலை செய்கின்றன. அதுபோதும்.

இந்தியாவில் விபிஎன் சட்டப்படி சரியே. சேவை தரும் நிறுவனம் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது, அவ்வளவே.

கேள்வி: இலவச நேரம் முடிந்ததும் போனின் மேக் முகவரியை (வைஃபைக்குப் போன் காட்டும் அடையாள எண்) மாற்றினால் மறுபடி கிடைக்குமா? – பெயர் வேண்டாம் என்ற கல்லூரி மாணவர்

இங்கே நேரத்தைக் கணக்கிடுவது மொபைல் நம்பரை வைத்துத்தானே தம்பி. 30 அல்லது 45 நிமிடம் முடிந்தால் முடிந்ததுதான். ஆனால் மேக் மாற்றம் நல்ல பழக்கம்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரி கொடுக்கின்றன. மால் மாலாக உங்களைப் பின்தொடர்வதை அது கடினமாக்கும். அதை அணைத்து வைத்திருந்தால் மறுபடி போடுங்கள்.

கேள்வி: ஊருக்கு வந்த பிறகும் கடை, லவுஞ்ச் விளம்பர எஸ்எம்எஸ் நிற்கவில்லை. – கோவை வாசகி

1909 என்ற எண்ணில் டிஎன்டி (விளம்பரம் வேண்டாம் என்ற) பதிவு செய்யுங்கள். நீங்களே சம்மதம் கொடுத்தவற்றை அது நிறுத்தாமல் போகலாம். அப்போது வைஃபை நிறுவனத்துக்கு எழுதிச் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள். கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பொறுமை வேண்டும்.

கேள்வி: 70 வயது அம்மா முதல்முறை தனியாகச் சிங்கப்பூர் வருகிறார். அவர் போனில் என்ன செய்து வைக்கட்டும்? – சிங்கப்பூர் வாசகர்

வைஃபை சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். கிளம்பும் முன் ஒரு சிறிய ரோமிங் பேக் போட்டுவிடுங்கள், தானாக வைஃபையில் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான கவலை. உங்கள் நம்பரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.