மாலை ஏழு மணியின் ஆசை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. பூக்கடைப் பகுதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வருடக் குடியை, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்து நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு வில்லிவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் நாக்கு ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. வீட்டுக்குப் போகும் தெருவில்தான் நான் வழக்கமாக நின்ற கடை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த சாப்பாடு இரவு ஒன்பதுக்குத்தான். ஆனாலும் பசி தெரிவதில்லை, இந்த ஆசை மட்டுமே தெரிகிறது. மனைவி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டால் தலைவலி என்று பொய் சொல்கிறேன். என் அக்கா ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் குழம்பில் மருந்து கலக்கலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். ஐந்து மாதம் கழித்தும் ஆசை வருகிறதென்றால் நான் உள்ளுக்குள் இன்னும் குடிகாரன்தானா?

பெயர் வேண்டாம், வில்லிவாக்கம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், இரவு ஒன்பது வரை வயிற்றில் எதுவும் இல்லை. பதினாறு வருடங்களாக உங்கள் உடல் மாலைப் பசியைக் குடியால் அடக்கியே பழகியிருக்கிறது. அதனால் இன்று பசி எழும்போது அது பசியாகத் தெரியாமல் குடி ஆசையாகத் தெரிகிறது. நானும் குடித்தவன். பதினோரு வருடங்களுக்கு முன் நிறுத்தினேன். முதல் வருடத்தில் மன உறுதியின்மை என்று நினைத்து நான் வெட்கப்பட்ட மாலைகளில் பாதிக்குமேல் வெறும் வயிற்றின் மாலைகள் என்பதை, வயதில் மூத்த ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் நான்கு நிலைகளைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. நாளெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு, நெரிசலில் நின்றுகொண்டே வந்து, தனியாக இறங்கி நடக்கும் உங்களிடம் இவற்றில் குறைந்தது மூன்று ஏழு மணிக்கு ஒன்றுசேர்கின்றன. ஆறரைக்கு, ரயில் ஏறுவதற்கு முன், இரண்டு இட்லியோ வாழைப்பழமும் சுண்டலுமோ சாப்பிட்டாக வேண்டும். இதை அற்பமான யோசனை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசை வருவது உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ், உணவோடு சேர்ந்தே வந்த ஓசையைப் பிறகு தனியாகக் கேட்டாலும் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார்; நாய் யோசித்து முடிவெடுத்து எச்சில் விடுவதில்லை. குடித்துப் பழகிய மூளையும் அப்படித்தான், மது தொண்டையில் இறங்குவதற்கு வெகு முன்பே, அதை நினைவூட்டும் இடத்தையும் நேரத்தையும் வாசனையையும் கண்டவுடன் கிளர்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரைக் கையில் எடுத்தார். அவருடைய விரல் பட்டு அது நெறுநெறுத்தது. அதில் இருந்தது வெறும் தண்ணீர். ஆனால் பாரில் ஆயிரம் மாலைகள் கேட்ட ஓசை அது. பத்து வருடங்கள் கடந்திருந்தும் என் வாயில் எச்சில் ஊறியது, உள்ளங்கை வியர்த்தது. நான் குடிக்கவில்லை, குடிக்க நினைக்கவும் இல்லை. சாம்பார் வந்தது, சாப்பிட்டேன். ஆசை எழுவது உடலின் பழக்கம், கடைக்குள் நுழைவது உங்கள் செயல். இந்த ஐந்து மாதங்களில், ஏறத்தாழ நூற்றைம்பது மாலைகளில், முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்கவில்லை. உங்களுக்கு மனத்திடம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன், அதை நீங்களே சொன்னாலும்.

இந்த ஆசைக்கு ஆயுள் குறைவு. தீனி போடாமல் விட்டால் அது ஏறி, உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. கடை இரவு பத்து மணி வரை திறந்திருப்பதால் மூன்று மணி நேரம் போராட வேண்டும் என்று நினைத்து அஞ்சுகிறோம். உண்மையில் கடக்க வேண்டியது அந்த அரை மணியை மட்டுமே. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆசையோடு மல்லுக்கட்டாமல், அலைமேல் மிதப்பவரைப்போல அது உடலில் எங்கே எழுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனித்தபடி கடக்கும் முறையைக் கற்பித்தார். மெரினாவில் கணுக்கால் தண்ணீரில் நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும்; பதறி ஓடுகிறவர் தடுமாறுவார், காலை ஊன்றி நிற்பவர் ஈரத்தோடு நிற்பார், அவ்வளவே. நெஞ்சு படபடக்கும்போது 'இதோ எழுகிறது' என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள், மணியைப் பாருங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

ஆனால் அதைக் கடைவாசலில் நின்று செய்யக் கூடாது. பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் வேறு தெரு வழியாக நடந்து போங்கள். சில மாதங்களுக்காவது அந்தத் தெரு உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. அந்த நடையின்போது யாருக்காவது தொலைபேசியில் பேசுங்கள். நான் அப்படி அழைத்தது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரை. மேலே சொன்ன மூத்த நண்பர் அவர்தான். ஒரு நாளும் அவர் எனக்கு அறிவுரை சொன்னதில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காயைப் பற்றியும் பேசுவார். அவர் பேசி முடிக்கும்போது நான் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். அத்தகைய மனிதர் உங்களுக்கு இல்லையென்றால், 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. கணவரை மதுவுக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. குடிமீட்பு மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.

மருந்தைப் பற்றி உங்கள் அக்காவுக்குப் பொறுமையாக விளக்குங்கள், அவர் கேட்டது பயத்தில். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்தை, உட்கொள்பவர் அறிந்து சம்மதித்து, மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். தெரியாமல் குழம்பில் கலந்தால், குடிக்கும் நாளில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விளம்பரப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. ஆசையைக் குறைக்கவே நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கும் நிலையைப் பார்த்து உங்கள் மருத்துவர் அவற்றுள் ஒன்றைத் தரலாம். அடுத்த முறை நீங்களே கேளுங்கள். (இதைப் படிப்பவர்களில் தினமும் குடிப்பவர் யாரேனும் நாளையே வீட்டில் தானாக நிறுத்த எண்ணினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிர் போகும் அபாயம் உண்டு.)

என்றாவது தவறி ஒரு கட்டிங் உள்ளே போய்விட்டால், 'எல்லாம் போச்சு' என்று மீதியையும் குடிக்கத் தோன்றும். ஒரு குவளையைவிட அந்த எண்ணமே பலரை வீழ்த்தியிருக்கிறது. பழைய அளவைத் தாங்கும் சக்தியும் இப்போது உங்கள் உடலுக்கு இல்லை. குவளையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, அன்றிரவே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தலைவலி என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். பதினாறு வருடங்கள் உங்கள் முகத்தைப் படித்தே வாழ்ந்த பெண்ணுக்கு அது தலைவலி இல்லை என்று தெரியும். என்னவென்று மட்டும் தெரியாது, அதனால் குடித்துவிட்டீர்களோ என்றுதான் அஞ்சுவார். "இன்றைக்கு ஆசை வந்தது, சுற்றுவழியாக வந்தேன், இப்போது இல்லை" என்று சொல்லுங்கள். முதல் நாள் அவர் அழக்கூடும். அடுத்த வாரம் ஏழு மணிக்கு அவரே உங்களை அழைத்து, எந்த நிலையம் தாண்டியிருக்கிறீர்கள் என்று கேட்கவும் கூடும். நாளை மாலை சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறியதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.