2 கேவிஏ ஜெனரேட்டரில் ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் வேலைக்குப் பயன்படும் பங்கு) கிடைப்பது 1,600 வாட்தான். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் எடுக்கும். கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் சரிந்து, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகிச் சூடாகும். ஃப்ரிட்ஜை முதலில் போட்டு, விளக்கு, மின்விசிறியைப் பிறகு சேருங்கள்.

இருபக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் மின்சாரம் ஏற்றுவது கொலைக்குச் சமம். அது வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, லைனில் வேலை செய்பவரைத் தாக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள், இல்லையேல் 2.5 சதுர மி.மீ. மூன்று கம்பி எக்ஸ்டென்ஷனில் கருவியை நேராக இணையுங்கள்.

ஜெனரேட்டர் திறந்தவெளியில், கதவு ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்கட்டும் (பால்கனியும் ஆகாது). புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு மணமில்லை. பெட்ரோல் ஊற்றும்முன் அணைத்து, ஆறவிடுங்கள்.