ஸ்பானிஷ் மொழித் தொடர்களில் எல்லாக் குடும்பத்திலும் ஓர் இரகசியமும் ஒரு துரோகமும் இருப்பது ஏன்?

கேள்வி கேட்டவர் சப்டைட்டிலோடு இரண்டு மெக்சிகோ தொடர்கள் பார்த்திருக்கிறார். "பிறப்பு இரகசியம் இல்லாத குடும்பமே இவர்கள் கதையில் கிடையாதா? அதுவும் முதல் வாரத்திலேயே நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு நூறு அத்தியாயம்?" என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வேலைக்காக 2016 முதல் இரண்டரை ஆண்டு மெக்சிகோவில் குவாதலஹாரா நகரத்தில் இருந்தேன். மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன், கீழே வீட்டுக்காரம்மா. எழுபதை நெருங்கியவர். நான் 'தோன்யா' என்று கூப்பிடுவேன், பெரியம்மா என்பது போல மரியாதை கலந்த சொல். அவர் என்னை 'மீஹோ' என்பார். 'என் மகனே' என்பதன் சுருக்கம். காய்கறிக்காரப் பையனும் மீஹோதான், தபால்காரரும் மீஹோதான். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

2018 மார்ச் 1 அன்று வேலை முடிந்து வந்தபோது தோன்யா தொலைக்காட்சி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடிகை மரியா ரூபியோ இறந்துவிட்டார் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தோன்யா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "பாவி, எத்தனை ராத்திரி எங்களைத் தூங்கவிடாமல் பண்ணினாள்" என்றார். கண் கலங்கியிருந்தது. யார் அவர் என்று கேட்டேன். "உட்கார்" என்றார். அந்த வாரக் கடைசியில் என் மடிக்கணினியை அவருடைய டிவியோடு இணைத்து, இணையத்தில் கிடைத்த பழைய பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்தோம். முடிக்க மூன்று மாதம் ஆனது.

தொடரின் பெயர் 'கூனா தே லோபோஸ்', அதாவது ஓநாய்களின் தொட்டில். டெலிவிசா நிறுவனம் 1986-87இல் ஒளிபரப்பியது. எழுதியவர் கார்லோஸ் ஓல்மோஸ், நாடக ஆசிரியர். கடைசி அத்தியாயம் ஓடிய இரவில் மெக்சிகோ நகரத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கதை இது. கத்தலீனா கிரீல் ஒரு பணக்கார வீட்டுத் தலைவி. வலது கண்ணில் எப்போதும் ஒரு கண்பட்டை, அன்றைய உடைக்குப் பொருத்தமான நிறத்தில். கணவர் கார்லோஸ் லாரியோஸுக்கு முதல் மனைவியிடம் பிறந்த ஹோசே கார்லோஸ் சிறுவனாக இருந்தபோது பம்பரம் விட்டு விளையாடினான். அந்தப் பம்பரம் பட்டுச் சிற்றன்னையின் கண் போனது. அந்தக் குற்ற உணர்விலேயே வளர்ந்து பெரியவனாகிறான். கத்தலீனா பெற்ற அலெஹாந்த்ரோதான் வீட்டின் செல்லப்பிள்ளை. மூத்தவன் தன் வீட்டிலேயே தலைகுனிந்து நடக்கிறவன்.

கண் போகவே இல்லை. பட்டைக்குப் பின்னால் கண் நன்றாகவே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த கணவரை அவள் நஞ்சு வைத்துக் கொல்கிறாள். தொடரின் ஆரம்பமே இதுதான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். எழுத்தாளர் இந்த விஷயத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்து, முடிவில் பட்டையை அகற்றிக் காட்டி நம்மைத் திடுக்கிட வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஒரு நாள் திடுக்கிட்டிருப்போம், அவ்வளவுதான். அவர் முதலிலேயே நமக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஹோசே கார்லோஸ் அந்தப் பெண்மணி முன் தலைகுனியும் ஒவ்வொரு முறையும் நமக்கு வயிறு எரிகிறது. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, நம்மால் சொல்லவும் முடியாது. தோன்யா திரையைப் பார்த்துச் சத்தமாகவே, "அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகலடா, மகனே!" என்பார். முப்பது வருடத்துக்கு முன்பும் இதையே கத்தினாராம்.

அதனால்தான் நூறு அத்தியாயம் தாங்குகிறது. இரகசியம் என்னவென்று தெரிந்துகொள்ள யாரும் அங்கே உட்காரவில்லை. தெரிந்தவர்கள் எப்போது வாய் திறப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள்.

துரோகமும் இங்கேதான் ஆழமாகிறது. பணத்துக்காக ஏமாற்றுகிறவனை எந்த ஊர்க் கதையிலும் பார்க்கலாம். கத்தலீனா செய்தது அதைவிடக் கொடுமை. ஒரு குழந்தையிடம், 'நீ என்னைக் காயப்படுத்திவிட்டாய், ஆனாலும் உன்னை மன்னிக்கிறேன்' என்று நாள்தோறும் முகத்தாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பட்ட கடன் பொய்க் கடன். அதற்கு வாழ்நாள் முழுக்க வட்டி கட்டினான். மரியா ரூபியோ இதை நடித்த விதம் இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. குரலை உயர்த்தவே மாட்டார். மூத்தவன் அறைக்குள் வரும்போது முகத்தை லேசாகத் திருப்பிப் பட்டையை அவன் பக்கம் காட்டுவார், போதும். 2019இல் பாஸ் வேகா நடித்து இதன் மறு ஆக்கமும் வந்தது. எனக்குப் பழையதுதான்.

கொலைக்குப் பிறகு உயில் வாசிக்கிறார்கள். முதலில் பேரனைப் பெற்றுத் தரும் மகனுக்கே சொத்து. அலெஹாந்த்ரோவின் மனைவி வில்மாவுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை. அதனால் அவன் லியோனோரா என்ற பெண்ணைக் காதலிப்பதுபோல் நடித்து, பொய்யாக ஒரு கல்யாணமும் செய்து, அவளுக்குப் பிறந்த குழந்தையைப் பறித்துக்கொண்டு வந்து வில்மாவின் பிள்ளை என்று காட்டுகிறான். பிற்பாடு லியோனோரா ஹோசே கார்லோஸின் மனைவியாக அதே குடும்பத்துக்குள் நுழைகிறாள். பெற்றவளும் பெற்றவளாக நடிப்பவளும் ஒரே குழந்தையைப் பார்த்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வில்மாவை வெறும் வில்லி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தே அந்தக் குழந்தையைக் கொஞ்சுகிறாள், கொஞ்சக் கொஞ்சப் பாசமும் உண்மையாகிறது. உண்மை வெளிவந்தால் எல்லாரையும்விட அதிகம் இழக்கப்போகிறவள் அவள்தான்.

சரி, ஏன் எப்போதும் பிறப்பு இரகசியம்? அவர்கள் பெயர் வைக்கும் முறையைப் பார்த்தால் ஓரளவு புரியும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பொதுவாக ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. லாரியோஸ் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் முதல் பெயர் ஒன்று, இரண்டாவது வேறு. இளையவன் லாரியோஸ் கிரீல். குடும்பத்தின் மருந்துக் கம்பெனிக்குப் பெயரே 'லார்-கிரீல்'. செத்துப்போன முதல் மனைவியின் பெயருக்கு அதில் இடமில்லை. மூத்தவன் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துபோகும்போதெல்லாம் தான் யார் என்று அவனுக்கு நினைவூட்டப்படுகிறது. அப்பா ஏற்றுக்கொள்ளாத பிள்ளை என்றால் பல இடங்களில் அம்மாவின் பெயர்களையே இரண்டுக்கும் போட்டுக்கொள்வார்கள். பள்ளியில் வருகைப்பதிவு வாசிக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். பிறப்பு அங்கே கையெழுத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றிக் கதை வராமல் எப்படி இருக்கும்?

வேர் இன்னும் பழையது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1860களிலிருந்தே தொழிலாளர்கள் புகையிலை சுற்றும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். 'நாளைக்கு மீதி' என்று கேட்கும் பழக்கம் அப்படி ஊறியது. பின்னால் வானொலி வந்தது. 1948இல் ஹவானாவில் ஃபெலிக்ஸ் கேனியே எழுதிய 'எல் தெரேச்சோ தே நாசெர்', பிறக்கும் உரிமை, ஒலிபரப்பானது. 314 அத்தியாயம். பிறகு பல நாடுகளில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அதில் தோன் ரஃபாயேல் தெல் ஹுன்கோ என்ற பெரிய மனிதர், கல்யாணமாகாமல் தன் மகள் பெற்ற குழந்தையைக் கொல்லச் சொல்கிறார். வீட்டுப் பணிப்பெண்ணான கறுப்பினத்தவர் மமா தொலோரெஸ் குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடி, தன் பிள்ளையாக வளர்க்கிறாள். அவன் டாக்டராகிறான். ஒருநாள் அடிபட்டுக் கிடக்கும் ஒரு கிழவருக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்துக் காப்பாற்றுகிறான். அந்தக் கிழவர் தோன் ரஃபாயேல். யார் இரத்தம் தன் உடம்பில் ஓடுகிறது என்று தெரிந்ததும் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போகிறது. உண்மை தெரிந்த மனிதர் படுக்கையில் கிடக்கிறார், வாய் அசைகிறது, சொல் வரவில்லை. லத்தீன் அமெரிக்கா முழுக்க அவர் பேசுவதற்காகக் காத்திருந்தது. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகர் சம்பளம் கூட்டிக் கேட்டதால்தான் ஆசிரியர் அவரை ஊமையாக்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, இந்த வகைத் தொடர்களின் உயிர் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறது என்பேன்.

மமா தொலோரெஸும் உண்மையை மறைத்தவள்தான், ஆனால் அந்த மறைப்பு பிள்ளையின் உயிரைக் காத்தது. யாரைக் காப்பாற்ற வாயை மூடினாய் என்பதை வைத்துத்தான் அந்த ஊர் ரசிகர்கள் பாத்திரங்களை எடை போடுகிறார்கள். 1979இல் வந்த 'லோஸ் ரீக்கோஸ் தம்பியேன் யோரான்', பணக்காரர்களும் அழுகிறார்கள் என்ற தொடரில் மரியானா மனம் கலங்கிய நிலையில் கைக்குழந்தையைத் தெருவில் லாட்டரிச் சீட்டு விற்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். பல வருடம் கழித்து வளர்ந்த மகனைக் கண்டுபிடிக்கிறாள், ஆனால் கணவனிடம் சொல்லத் தைரியமில்லை. இளைஞனோடு மனைவி பழகுவதைப் பார்த்துக் கணவன் சந்தேகப்படுகிறான். இங்கேதான் அந்த 'மீஹோ' நினைவுக்கு வர வேண்டும். யாரையும் மகனே என்று கூப்பிடும் ஊரில் ஒரு தாய் எல்லார் எதிரிலும் தன் மகனை மகனே என்று அழைத்துவிட்டுப் போகலாம், யாருக்கும் சந்தேகம் வராது. நம் பக்கத்தில் கடைக்காரம்மா "என்ன வேணும், ராசா" என்று கேட்பது போல. கேட்கிறவனுக்கு அது வெறும் சொல், சொல்கிறவளுக்கு அப்படி இல்லை.

இதெல்லாம் மிகை, நிஜத்தில் இப்படி யார் வீட்டில் நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் தோன்யாவிடம் அப்படித்தான் கேட்டேன். ஹோசே கார்லோஸுக்குக் கண்ணின் உண்மை தெரியவரும் பகுதியைப் பார்த்து முடித்திருந்தோம். அவர் டிவியை அணைக்கச் சொன்னார்.

மெக்சிகோவில் 'காசா சீக்கா' என்று ஒரு சொல் உண்டு. நேர்ப் பொருள் சின்ன வீடு. நாம் எந்த அர்த்தத்தில் சொல்கிறோமோ அதே அர்த்தம். முதல் தடவை கேட்டபோது நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தோன்யாவின் அப்பாவுக்கு ஒரு சின்ன வீடு இருந்திருக்கிறது. அவர் இறந்து, இரவு முழுக்க உடலைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வந்து நின்றார்கள். சின்னவனுக்கு அப்பாவின் காது. உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, போகும்படியும் சொல்லவில்லை. தோன்யாவுக்கு அப்போது முப்பது வயது. சுற்றிப் பார்த்தால் யார் முகத்திலும் வியப்பில்லை. அடுத்த வாரம்தான் தெரிந்தது, அந்தச் சின்னவனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர், தோன்யாவைத் தூக்கி வளர்த்த சொந்த அத்தை.

"அப்பாவை நான் மன்னித்துவிட்டேன், மீஹோ. ஆண்பிள்ளை, பலவீனம், செத்தும் போய்விட்டார். அத்தை பதினைந்து வருடம் என் தலையை வாரிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு, திங்கட்கிழமை என் தலையை வாரிவிட்டார்."

உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். கேட்கவே இல்லை என்றார். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமாம்.

மிச்ச அத்தியாயங்களையும் பார்த்து முடித்தோம். எத்தனையோ பேரைக் கொன்ற கத்தலீனா, தான் உயிராக நினைத்த மகனின் சாவுக்கும் தானே காரணமாகிறாள். தோன்யா இந்தத் தடவை கத்தவில்லை. கைவேலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்த பிறகு, அத்தை இறந்தபோது போனீர்களா என்று கேட்டேன்.

"போனேன்" என்றார். "கடைசி வரிசையில் நின்றேன்."