மால்ட் பாகை எப்போது ஊற்றுவது?

கேள்வி: வீட்டில் 19 லிட்டர் வெளிர் ஏல் (வெளிர் நிற பியர்) காய்ச்ச 3 கிலோ மால்ட் பாகு (முளைகட்டிய பார்லிச் சாற்றைச் சுண்டவைத்தது) வைத்திருக்கிறேன். என் பாத்திரத்தில் 8 லிட்டர் தண்ணீர்தான் கொதிக்கும். மீதியைக் கடைசியில் குளிர்ந்த நீராகச் சேர்ப்பேன். போன முறை பாகு முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றினேன். பியர் செம்பழுப்பாகிவிட்டது, கருகல் வாடையும் அடித்தது. எப்போது சேர்க்க வேண்டும்?
– வாசகர், லண்டன்

பதில்: 1 கிலோவைத் தொடக்கத்தில் சேருங்கள். மீதி 2 கிலோவைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சேருங்கள்.

3 கிலோவும் 8 லிட்டரில் கரைந்தால் ஒப்படர்த்தி (நீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.090-ஐ நெருங்கும். அந்த அடர்த்தியில் ஒரு மணி நேரம் கொதித்தால் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து நிறம் கறுக்கும். 1 கிலோ மட்டும் என்றால் 1.035-தான். கருகலுக்குக் காரணம் வேறு: பாகு கனமானது, அடுப்பு எரியும்போது ஊற்றினால் நேரே அடியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே டின்னை முன்பே வெந்நீரில் வைத்து இளக்குங்கள். 45-ஆம் நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். பாகை மெல்லிய தாரையாக விட்டு, கரண்டியால் அடியைத் தடவித் தடவிக் கிளறுங்கள். அடியில் வழுக்கல் தட்டாதபோதுதான் மறுபடி பற்றவையுங்கள். திரும்பக் கொதிக்கையில் இன்னொரு முறை நுரை பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். மிச்ச 15 நிமிடத்தைக் கொதி வந்த பிறகு எண்ணுங்கள். மணத்துக்காகக் கடைசியில் போடும் ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) நேரமும் அப்படியே. ஆறவைத்து நீர் சேர்த்தபின், 20 டிகிரியில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) 1.047 அளவில் காட்ட வேண்டும்.

அடர்த்தி குறைந்தால் ஹாப்ஸின் கசப்பு கூடுதலாக இறங்கும். கசப்பு ஹாப்ஸைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். அதற்காகப் பாகே இல்லாத வெறும் நீரில் ஹாப்ஸைக் கொதிக்கவிட வேண்டாம், துவர்ப்பு ஏறும்.

டின்னின் தேதியையும் பாருங்கள். நாள்பட்ட பாகு டின்னுக்குள்ளேயே கறுத்திருக்கும். அதை எந்த நிமிடத்தில் ஊற்றினாலும் வெளிர் ஏல் வராது. ஹாப்ஸ் கலந்தே வரும் கிட் டின் என்றால் கொதிக்கவே வைக்காதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். வெந்நீரில் கரைத்தால் போதும்.

கேள்வி: பாகுக்குப் பதில் மால்ட் தூள் போடலாமா? கொட்டியதும் கட்டி கட்டிவிடுகிறதே?

பதில்: தாராளமாகப் போடலாம். 3 கிலோ பாகுக்கு சுமார் 2.4 கிலோ தூள் ஈடு. பிரித்த பையை ஆவிக்கு மேலே பிடித்தால் பையிலேயே இறுகிவிடும். வேண்டிய அளவை உலர்ந்த கிண்ணத்தில் தனியே எடுத்து, குளிர்ந்த நீரில் கூழாகக் கரைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: சென்னையில் வீட்டிலேயே இப்படிக் காய்ச்சலாமா?

பதில்: கூடாது. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் தடை. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.